திரும்பும் படகில் இரண்டு பேர்

"நமக்குப் படகு டிரான்ஸ்ஃபர் போட்டாச்சா அத்தான்? அந்த ஃபார்மை எனக்கு அனுப்புங்க. நானே போட்டுடறேன்."

"அதை மட்டும் நீ தொடப்படாது."

"ஏன்?"

"ஒன்பது வருஷமா ஊரிலே உள்ளவனுக்கெல்லாம் நீ படகு ஏற்பாடு பண்ணியாச்சு. யாரு எதிலே ஏறணும், யாரு பெட்டி எங்கன போகணும், எல்லாம் நீ. இந்த ஒரு தடவை உனக்கு நான் போடுகேன். நீ சும்மா வந்து ஏறினா மதி, அது போதும்."

"பேரைத் தப்பா அடிச்சிருவீங்க. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே..."

"எட்டி, பெண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?"

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த பேச்சு இது. கோலப்பன் தொட்டியில் குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை சோப்பு நுரை. சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே அவள் மூக்கு நுனியைத் தொட்டான்.

பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் உன் கணவன் சொன்ன அன்பான வார்த்தை எது என்று யாராவது கேட்டிருந்தால், இன்று காலை பத்து மணி வரை கலைச்செல்வி இதைத்தான் சொல்லியிருப்பாள். நீ சும்மா வந்து ஏறினா மதி.

மாலத்தீவுப் பயணம் என்ற பேச்சு நுழைந்த நாளிலிருந்தே ஸ்ரீவராகத்து மாடி வீடு வேறு மாதிரி ஆகியிருந்தது. கோவளம் ஹோட்டலில் கோலப்பனுக்கு மேனேஜராக இருந்தவர் இப்போது அங்கே ஒரு ரிசார்ட்டில் இருக்கிறார், அவர் தயவில் ஐந்து நாள் கிடைத்திருக்கிறது என்று அவன் சொன்னான். பத்து வயது ஆர்ஷா நீச்சல் வகுப்பில் சேர்ந்துகொண்டாள். செல்வி சாலை பஜாரில் அகலமான வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கினாள். கண்ணாடி முன்னால் நின்று அதைப் போட்டுப் பார்த்தாள். தானே வெட்கப்பட்டு, சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

டிக்கெட்டை அவள் கண்ணால் பார்க்கவில்லை. "என் போன்லே பத்திரமா இருக்கு" என்றான் கோலப்பன். சனிக்கிழமை நாலரை மணி விமானம் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே ஒரு சுகமாக இருந்தது.

இன்று திங்கள். இன்னும் ஐந்தே நாள்.

கிழக்கேகோட்டையில், பஸ்கள் வந்து திரும்பும் இடத்துக்கு எதிரே ஒரு சந்து. அதில் இரண்டாவது மாடியில் அவள் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால், உற்சவத்துக்காகக் கோயில் நடையில் நிறுத்தியிருக்கும் பாண்டவர் பொம்மைகளில் பீமனின் தோளும் கிரீடமும் தெரியும். மாலத்தீவு போகிறவர்களுக்குப் படகு ஏற்பாடு செய்வதுதான் செல்வியின் வேலை. அங்கே விமானம் இறங்குவது ஒரு தீவு, தங்கும் ரிசார்ட் வேறொரு தீவு. நடுவில் கடல். யார் வருகிறார்கள், எந்த விமானம், எத்தனை பெட்டி, திரும்புவது என்றைக்கு என்று ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்ப வேண்டும். அது சரியாகப் போய்ச் சேரவில்லையென்றால், வந்திறங்கியவர் தண்ணீரைப் பார்த்தபடி பெட்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பத்து மணிக்கு விமானக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. பக்கத்து மேஜை லிபி அதை வாசித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"சேச்சி, சனிக்கிழமை ஆறாட்டல்லே. ரன்வே அடைக்கும். நம்ம நாலரை ஃபிளைட்டை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மாத்தியிருக்கு."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வருஷத்துக்கு இரண்டு தடவை பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. இந்த ஊரில் சாயங்கால டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்த கோலப்பன், சின்ன வயதில் ஊர்வலத்தின் பின்னாலேயே ஓடிச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்ததாக அவனே சொல்லுவான். அவன் ஆறாட்டை மறந்திருக்கிறான்.

"சேட்டன் சேச்சியைப் பார்த்துக்கிட்டே டிக்கெட் எடுத்திருக்கும். அதான் பகவானே மறந்துபோச்சு," என்றாள் லிபி.

"போடி."

கோலப்பனுக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஹோட்டலில் ஜெனரேட்டரைப் பார்க்கும் வேலை அவனுக்கு; அந்த அறைக்குள் இருந்தால் எதுவும் காதில் விழாது. ஆனால் இது காத்திருக்கும் விஷயமில்லை. அந்த நேரத்துக்கு மேல் போய் இறங்கினால் வழக்கமான படகு கிடையாது. தனிப் படகு சொல்ல வேண்டும்.

தொடப்படாது என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே தொட்டாள்.

மாலே விமான நிலையத்தின் படகுக் கவுண்டரில் இருப்பவன் லிங்கராஜ். தூத்துக்குடிக்காரன். நாலு வருஷமாகத் தினமும் பேசுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"சொல்லுங்கக்கா. இன்னைக்கு யாரைக் கடல்ல இறக்கணும்?"

"என்னைத்தான் தம்பி."

"நிஜமாவா? வாங்க, வாங்க. போர்டு பிடிச்சுக்கிட்டு நானே நிக்கேன். எந்த ரிசார்ட்?"

சொன்னாள். விமான எண்ணையும் சொன்னாள். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம்.

"இருக்கு. கோலப்பன் வேலாயுதன். இவர் உங்க வீட்டுக்காரரா? அட, நான் வேற யாரோன்னுல்லா நினைச்சேன். வாழ்த்துகள்க்கா. ஒரு வார்த்தை சொல்லலை பாத்தீங்களா நீங்க."

"எதை?"

"அண்ணன் இங்க ஜாயின் பண்றதை. ஸ்டாஃப்னு போட்டிருக்கே. குடிதண்ணி பிளாண்ட், ஜெனரேட்டர் ரெண்டுக்கும் இன்-சார்ஜ். பெரிய போஸ்ட்க்கா. ஸ்டாஃபுக்குத் தனிப் படகுதான், ஆனா ஃபேமிலியோட வர்றதால அன்னைக்கு மட்டும் கெஸ்ட் படகிலேயே ஏத்தச் சொல்லி ரிசார்ட்ல எழுதியிருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே பீமனின் தோளில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். திரும்புறது யார் யாருன்னு ஒரு தரம் வாசிங்க தம்பி."

குரல் வழக்கமான ஆபீஸ் குரலாகவே வந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வியாழக்கிழமை காலை எட்டு மணி. கலைச்செல்வி கோலப்பன், ஆர்ஷா கோலப்பன். திரும்புறது ரெண்டு பேர். பெட்டி ரெண்டு. பேரெல்லாம் பாஸ்போர்ட்ல உள்ளபடி கரெக்டா இருக்குக்கா, திருத்தம் ஒண்ணும் இல்ல."

"சரி."

"ராத்திரிப் படகுக்கு இன்னைக்கு ஆறு மணிக்குள்ள லிஸ்ட் குடுக்கணும். வர்றது மூணு, திரும்புறது ரெண்டு. அப்படியே வச்சுக்கலாமா?"

"சாயங்காலம் சொல்றேன். அந்த ஃபார்மைக் கொஞ்சம் அனுப்பி விடுங்க."

அரை நிமிஷத்தில் வந்தது. ஆயிரம் தடவை பார்த்த ஃபார்ம். கோலப்பன் பெயருக்கு நேரே, திரும்பும் நாள் என்ற கட்டம் காலியாக இருந்தது. அடியில் நிரப்பிய தேதியும் நேரமும். அதே ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம்.

செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். கையைத் துடைத்திருக்கிறான். அவள் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் முன்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, அவள் பெயரைத் தப்பில்லாமல் அடித்திருக்கிறான்.

"எந்து பற்றி சேச்சி, என்னாச்சு? முகம் வெளுத்துப் போச்சு."

"தலைவலி. நான் வீட்டுக்குப் போறேன் லிபி. அனில் சார்கிட்ட சொல்லிடு."

ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை. வெயிலில் நடந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோலப்பன் முதல் தடவை தோஹாவுக்குப் புறப்பட்டபோது ஆர்ஷா அவள் வயிற்றில் நாலு மாதம். விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பு, கோலப்பனின் அக்கா பொன்னம்மை அவளைத் தனியாக அழைத்துப் போனாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் பொன்னம்மைதான். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"பிள்ளே, போறவன்கிட்ட போகாதேன்னு மட்டும் சொல்லீராதே. அந்த வார்த்தையைக் கேட்டுட்டுப் போனா, போன இடத்திலே அவனுக்குக் கால் ஊணாது. எங்க அம்மை அப்பாகிட்ட சொன்னா. அவரு போன வழியிலேயே போயிட்டாரு. சிரிச்சுக்கிட்டு அனுப்பு."

செல்வி சிரித்துக்கொண்டே அனுப்பினாள். ஆறு வருஷம், ஆறு தடவை. நாலாவது தடவை ஆர்ஷாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. கண்ணாடிக் கதவருகே அவன் திரும்பி வந்து, "ஏதாவது சொல்லணுமா செல்வி?" என்று கேட்டான். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிறகு ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவனாகவே திரும்பி வந்தான். போதும், இனி இங்கேதான் என்றான். அன்றோடு அந்த வார்த்தைக்கு வேலை முடிந்தது என்று அவள் நம்பியிருந்தாள்.

வீட்டு வாசலில் பொன்னம்மை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கீழ்வீடு. கையில் எவர்சில்வர் தூக்குப் பாத்திரம்.

"என்ன பிள்ளே, இந்நேரத்திலேயே? நல்லதாப் போச்சு. கோயில்லே பால்பாயசம் வழிபாடு கழிச்சேன். சூடு ஆறதுக்கு முன்னே குடி."

மாடிக்கு வந்து, அவளே டம்ளர் எடுத்து ஊற்றினாள். தூக்கின் மூடியில் கோயில் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தது. யார் பெயருக்கு வழிபாடோ அவர் பெயரும் நட்சத்திரமும் அதில் எழுதித் தருவார்கள். செல்வி அதைப் பிரித்து எடுத்தாள். கோலப்பன், உத்திராடம். அவ்வளவுதான்.

"மைனி, மூணு பேரு யாத்திரை போறோம். ஒருத்தர் பேருக்கு மட்டும் வழிபாடு கழிச்சிருக்கீங்க."

பாயசம் ஊற்றிய கை நின்றது.

"யாரு சொன்னா?" என்றாள் பொன்னம்மை.

என்ன என்று கேட்டிருந்தால்கூட செல்விக்குக் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சியிருக்கும். யார் சொன்னது என்றுதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொன்னம்மை டம்ளரை மேஜையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தாள். "மாசி மாசமே சொன்னான். உன்கிட்ட இப்போ சொல்லாண்டாம்னு நான்தான் சொன்னேன். அவனைக் குத்தம் சொல்லாதே."

"ஏன் மைனி?"

"சொன்னா நீ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவே. அவனுக்கும் மனசு ஒடிஞ்சு போகும். போற இடத்திலே அஞ்சு நாளு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு நினைச்சேன். கெட்டதுக்கா நினைச்சேன்?"

"என்னைக்குச் சொல்றதா இருந்தீங்க?"

"புதன்கிழமை. நீங்க ரெண்டு பேரும் புறப்படுறதுக்கு முந்தின நாள். அவன் பக்குவமாச் சொல்லுவான்." பொன்னம்மையின் குரல் இறங்கியது. "ரெண்டு வருஷம்தானே பிள்ளே. தோஹா மாதிரி தூரமும் இல்லை. பிள்ளைக்காகத்தானே போறான்? நானும் மேலே வந்திருகேன். உனக்கு ஒரு குறையும் வராது."

செல்விக்கு அப்போதுதான் போன வாரம் ஞாபகம் வந்தது. திரைச்சீலை தைக்க வேண்டும் என்று சொல்லி, பொன்னம்மை டேப்பை வைத்து முன்னறையில் அளந்தாள். ஜன்னலை அளக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே தரையை அளந்தாள்.

"கட்டில் போட இடம் பார்த்தீங்களா மைனி, அன்னைக்கு?"

பொன்னம்மை தூக்கை மூடிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். பாயசத்தின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஆர்ஷா வந்தாள். தலையெல்லாம் ஈரம், நீச்சல்குளத்து மருந்து வாடை.

"அம்மா, இன்னைக்கு நான் பிடிக்காம ஃப்ளோட் செய்தேன். முப்பது எண்ணுற வரைக்கும். டீச்சர் கிளாப் பண்ணிச்சு."

"இப்படி உக்காரு. தலை துவட்டல."

மகளைத் தரையில் உட்காரவைத்து, பின்னாலிருந்து துண்டால் துவட்டினாள். முகம் பார்க்காமல் கேட்பது இருவருக்கும் சுலபம் என்று தோன்றியது.

"ஆர்ஷா, தீவில ரேஞ்ச் நல்லா கிடைக்குமா, வீடியோ கால் கட்டாகாம வருமான்னு போன வாரம் கேட்டியே. எதுக்கு கேட்டே?"

துண்டுக்குள் சின்னத் தலை அசையாமல் நின்றது.

"நாம மூணு பேரும் ஒரே இடத்துல இருக்கப்போறோம். அப்புறம் யாருக்கு வீடியோ கால்?"

"அம்மா..." ஆர்ஷாவின் தோள் குலுங்கியது. "அப்பா பிராமிஸ் வாங்கிச்சு. சொல்லக்கூடாதுன்னு."

"எப்போ மக்களே?"

"நீ தொப்பி வாங்கின அன்னைக்கு. நீ அதைப் போட்டு கண்ணாடியிலே பார்த்துக்கிட்டு நின்னே. நான் கதவுக்குப் பின்னாடி இருந்தேன். எனக்கு அழுகை வந்துச்சு. அதான் பாத்ரூமுக்குள்ளே போய் அடைச்சுக்கிட்டேன்."

அன்று குழந்தைக்கு வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தது செல்விக்கு நினைவு வந்தது. அந்தத் தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடித்திருக்கிறாள்.

கணவன் மறைத்தது ஒரு அடி. நாத்தனார் மறைத்தது இன்னொன்று. இந்தப் பத்து வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு மறைத்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. மூன்று வாரமாக இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் உண்மையாகச் சிரித்திருக்கிறாள். மற்ற மூன்று பேரும் அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தப்பு ஒண்ணும் பண்ணலை," என்றாள் மகளிடம். "இனி அதை நீ சுமக்க வேண்டாம். போய்ப் பால் குடி."

ஐந்தரை மணிக்குக் கோலப்பனின் பைக் வந்து நின்றது. இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். நாற்பத்தொரு வயதிலும் அப்படித்தான் ஏறுவான்.

"செல்வி, ஆறாட்டைப் பாத்தியா? சுத்தமா மறந்துட்டேன். இப்போதான் மெசேஜ் வந்தது. கூட வேலை பார்க்கிறவனெல்லாம் கேலி பண்ணுகான். படகு நேரம் நான் மாத்திக்கிடுகேன், நீ ஒண்ணும்..."

மேஜையில் அவள் போன் இருந்தது. திரையில் அந்த ஃபார்ம்.

"பேரெல்லாம் சரியா அடிச்சிருக்கீங்க," என்றாள் செல்வி.

கோலப்பன் ஹெல்மெட்டை வைக்க இடம் தேடினான். மேஜையில் இடம் இருந்தது. இருந்தும் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"புதன்கிழமை."

"அக்கா சொல்லிட்டாளா?"

"எல்லாரும் சொல்லிட்டாங்க. படகுக் கவுண்டர்ல இருக்கிற பையன் வாழ்த்துச் சொன்னான். உங்க அக்கா சொன்னாங்க. உங்க மக சொன்னா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

கோலப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சமையலறைக் கதவருகே ஆர்ஷா பால் டம்ளரோடு நிற்பதை அவன் பார்க்கவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது. பொன்னம்மை பாதி ஏறி நின்றுவிட்டாள்.

"எங்க ரெண்டு பேரையும் படகிலே ஏத்திவிட்டுட்டு நீங்க கரையிலே நிப்பீங்க. நான் கையாட்டிக்கிட்டே போகணும். அப்படித்தானே?"

"செல்வி, அங்க நான் இன்-சார்ஜ். இங்க எனக்கு என்ன இருக்கு? இருபத்தஞ்சு வயசுக்காரன் ஒருத்தன் சூப்பர்வைசரா வந்திருக்கான். வால்வை எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குச் சொல்லித் தாறான்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தான். ஒரு நாள்கூட சொல்லலையே."

"எங்க சொல்ல?" ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். "வீட்டிலே மட்டும் நான் யாரு? கேஸ் சொல்றது நீ. கரண்ட் ஆபீஸுக்குப் போறது நீ. ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ. ஆர்ஷாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அஞ்சு வருஷமா இந்த வீட்டிலே விருந்தாளி மாதிரி நிக்கேன். பாத்திரத்தை நீட்டுவே. தேய்ப்பேன்."

"நீங்க இல்லாதப்போ பழகினது அது. கூப்பிட்டுக் கேட்க யாரு இருந்தாங்க எனக்கு?"

"சரி, கேக்கேன்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "ஆறு தடவை போனேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ ஏதாவது சொல்லுவேன்னு கண்ணாடிக் கதவுகிட்ட நின்னு நின்னு பாத்திருக்கேன். திரும்பி வந்து கேட்கவும் செய்தேன். ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னே. சிரிச்சே. சிரிச்சுக்கிட்டு இருக்கிறவ முன்னாலே நான் என்ன செய்ய? இவளுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்னு நினைச்சேன். அதே நினைப்புதான் இப்போவும்."

படியில் நின்ற பொன்னம்மை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னவளிடம், இதைக் கேட்டீர்களா என்பது போலப் பார்த்தாள். சிரித்து அனுப்பச் சொன்னதும் இவள்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவன் இத்தனை வருஷமும் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"பிள்ளே," என்றாள் பொன்னம்மை, பதறிய குரலில். "வேண்டாம். பெட்டி எடுக்கப் போற சமயத்திலே..."

மேஜையில் போன் அடித்தது. லிங்கராஜ். ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம்.

செல்வி எடுத்தாள்.

"அக்கா, லிஸ்ட் அனுப்பணும். கேப்டன் காத்துக்கிட்டு இருக்கார். திரும்புறது ரெண்டுன்னே வச்சுக்கலாமா?"

"ஒரு நிமிஷம் தம்பி. லைன்லயே இருங்க."

போனைத் திரை கீழாக மேஜையில் வைத்தாள். கோலப்பனுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முட்டி முட்டியில் இடிக்கும் தூரம்.

"நான் சத்தம் போடப் போறதில்ல. நீங்க செய்தது பொறுத்துக்கிற காரியமும் இல்ல. பிள்ளையை இதிலே சேர்த்ததை நான் மறக்கவே மாட்டேன். அதையெல்லாம் பேச நாள் இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

"பதினோரு வருஷமா ஒரு வார்த்தையை நான் உங்ககிட்ட சொல்லாம வச்சிருக்கேன். சொன்னா உங்களுக்கு ஆகாதுன்னு பயந்து சொல்லலை. நீங்க அதைக் கேட்கத்தான் அங்க நின்னீங்கன்னு எனக்குத் தெரியாது."

ஆர்ஷா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்காகக் கேட்கலை. இந்த வீட்டுக்காகவும் கேட்கலை. எனக்காகக் கேட்கிறேன்."

அவள் குரல் ஆபீஸ் குரலாக இல்லை.

"போகாதீங்க, அத்தான்."